முள் வலப்பக்கம்

சென்னியப்பனைக் குளிப்பாட்டும்போது இருந்தவர்கள்: குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்றிய அண்ணன் சுப்பையன், தலையைத் தாங்கிப் பிடித்த மருமகன் கைலாசம், கால்மாட்டில் மச்சினன் மருதாசலம், பங்காளிகள் சிலர், பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்ற ஊர்க்காரர்கள். பெண்கள் வீட்டு முன்கூடமான ஆசாரத்துக்குள் இருந்தார்கள், சம்சாரம் சௌந்திரம் அவர்கள் நடுவில். ஒரே மகள் வசந்தாமணி வரவில்லை. வெண்ணந்தூரில் நிறைமாதமாக இருந்தாள். அப்பனுக்குக் கால் முறிந்திருக்கிறது என்று மட்டும் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். தோட்டத்து மோட்டார் ரூமுக்குள் பொன்னன் இருந்தான். அவனை உள்ளே தள்ளி வெளியே பூட்டியிருந்தார்கள். அவனையும் இருந்தவர்களில் சேர்ப்பதா வேண்டாமா என்பது கேட்கிற ஆளைப் பொறுத்தது.

"தலைய இன்னுங் கொஞ்சம் தூக்குங்க மாப்ள," என்றார் சுப்பையன்.

கைலாசம் தூக்கினான். கழுத்தில் அடைத்திருந்த துணி ஈரமாகிச் சிவந்தது.

"ஒடம்பு இன்னும் சூடா இருக்கறாப்ல இருக்குதுங்க," என்றான்.

"தண்ணி வெயில்ல இருந்துச்சு. நீங்க புடிங்க."

மருதாசலம் காலைத் தேய்த்துவிட்டான். வலது உள்ளங்காலில் கல் மாதிரி ஒரு காய்ப்பு. மாமன் செருப்புப் போடாமலேதான் புல்லட்டை உதைத்துக் கிளப்புவார்.

முந்தின நாள் இருட்டுக் கட்டுகிற நேரத்தில், பக்கத்து வேலூர்ச் சந்தையில் வெற்றிலைக் கட்டுகளைப் போட்டுவிட்டுத் திரும்பும்போது, முன்னால் போன கரும்பு வண்டியின் முதுகில் சென்னியப்பன் நேராகப் போய் ஏறிவிட்டார். வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கரும்பின் அடிகள் அவர் கழுத்துக்கும் நெஞ்சுக்கும் நேராக இருந்தன. புல்லட்டுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. பிரேக் மிதி வளைந்தது, அவ்வளவுதான். மாட்டு வண்டியை ஓட்டி வந்தவன் பொன்னன்.

போலீசுக்குச் சொன்னால் உடம்பை நாமக்கல்லுக்குக் கொண்டுபோய் அறுப்பார்கள். அதனால் சொல்ல வேண்டாம் என்றார் சுப்பையன். உடம்பை எரிக்கும் வரைக்கும் பொன்னன் வெளியே போய் வாயைத் திறக்கக் கூடாது. காரியம் முடிந்த பிறகு அவனைப் பார்த்துக்கொள்ளலாம். பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்று அவர் சொல்லவில்லை. ஆனால் பங்காளி ஒருவன் மாட்டுக் கொட்டகையிலிருந்து இரண்டு தார்க்குச்சிகளை எடுத்துவந்து மோட்டார் ரூம் சுவரில் சாய்த்து வைத்திருந்தான்.

விடிகாலையில் நாமக்கல்லிலிருந்து வந்து இறங்கியதும் மருதாசலம் அந்தப் பக்கம்தான் முதலில் போனான். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் பொன்னன் நின்றிருந்தான். உதடு கிழிந்திருந்தது.

"என்ற வெளக்கு எரிஞ்சுதுங்க சாமி. அச்சுக்குக் கீழ அரிக்கேன் கட்டியிருந்தனுங்க. கரும்பு மறச்சிருக்குமோ என்னமோ. ஆனா அவிய வண்டில வெளிச்சமே இல்லீங்க. நான் திரும்பிப் பாத்தனுங்க. இருட்டுக்குள்ள சத்தம் மட்டும் வேகமா வந்துச்சு."

பின்னால் சுப்பையன் வந்து நின்றார். "பொய்யப் பாரு. ஞாயித்துக்கெழம நம்ம மாப்ள புதுசா பேட்டரி போட்டுக் குடுத்த வண்டி, அதுல லைட்டு இல்லியாமா. ஏன் மாப்ள?"

"ஆமாங்க மாமா," என்றான் மருதாசலம். அப்போது அதை நம்பித்தான் சொன்னான்.

குளிப்பாட்டி முடித்ததும் கை கழுவத் தண்ணீர்த் தொட்டிக்குப் போனான். தொட்டிக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் புல்லட் நின்றது. யாரோ ரத்தத்தைத் துடைத்திருந்தார்கள். விளக்குக் கண்ணாடியின் விளிம்பில் மட்டும் கொஞ்சம் காய்ந்து கிடந்தது. எதற்கென்று தெரியாமல் லைட் சுவிட்சைத் திருப்பினான்.

பீடிக் கங்கு மாதிரி பல்பு சிவந்தது. ராத்திரி முழுக்கச் சும்மா கிடந்த பேட்டரியில் கொஞ்சம் உயிர் திரும்பியிருக்கும். விளக்கு மண்டையின் மேல் ஆம்பியர் மீட்டர் இருந்தது, சின்ன வட்டம். நடுவில் சைபர். பேட்டரிக்குச் சார்ஜ் ஏறினால் முள் வலப்பக்கம் போகும், இறங்கினால் இடப்பக்கம் போகும். முள் அசைந்து வலப்பக்கம் போய் நின்றது.

எஞ்சின் ஓடவில்லை.

சுவிட்சை அணைத்தான். முள் நடுவுக்கு வந்தது. மறுபடி போட்டான். வலப்பக்கம்.

ஓடாத எஞ்சினில் சார்ஜ் ஏறாது. லாரிப் பட்டறையில் ராத்திரி வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்கிற சங்கதி அது. மருதாசலம் அந்த வேலையில் தாடி நரைக்கத் தொடங்கியவன்.

ஞாயிற்றுக்கிழமை மாமன் அவசரத்தில் இருந்தார். லைட் மங்குகிறது என்று நேராகப் பட்டறைக்கே வந்துவிட்டார். பெட்டியைத் திறந்தால் பேட்டரி செத்துக் கிடந்தது. அதன் சிவப்பு ஒயர் வண்டியின் பாடியில் முடுக்கியிருந்தது.

"எந்தக் கிறுக்கனுங்க மாமா இதை மாட்டுனது? செவப்பக் கொண்டி பாடில மாட்டி வெச்சிருக்கறான்."

"எந்தக் கிறுக்கனோ, எனக்கென்ன தெரியும். அவனுக்கு மேல நீ ஒரு கிறுக்கன். பேசாம மாட்டு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். லாரியில் கறுப்பு ஒயர்தான் பாடிக்குப் போகும். அவன் கை தொட்ட எல்லா லாரியிலும் அப்படித்தான். கையே அதைச் செய்துவிடும், தலை தேவையில்லை. புதுப் பேட்டரியை வைத்து, கறுப்பைப் பாடியில் முடுக்கினான். வண்டியைக் கிளப்பி லைட்டைப் போட்டான். முள் வலப்பக்கம் போனது.

"பாருங்க மாமா, ஏறுது."

சார்ஜ் ஏற்றுகிற டைனமோவைக் கழற்றிப் பார்க்கவில்லை. முள்ளே சொன்ன பிறகு எதற்குக் கழற்ற வேண்டும்? கிளம்பும்போது மாமனிடம் சொன்னான்: "முள்ளு வலப்பக்கம் நிக்கற வரைக்கும் கவலையே இல்லீங்க. லைட்டு மங்குனா நிறுத்தாதீங்க. நல்லா முறுக்கி ஓட்டுங்க, ஏறிக்கும்."

பழைய மோட்டார் சைக்கிள்கள் சிலவற்றில் சிவப்புதான் பாடிக்குப் போகும் என்று எவனோ எப்போதோ பட்டறையில் பேசியிருக்கிறான். இப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்தக் கிறுக்கன் சரியாகத்தான் மாட்டியிருந்தான். இவன் மாற்றிப் போட்டதில் முள் தலைகீழாகிவிட்டது. தீர்வதை ஏறுவதாகக் காட்டியது. டைனமோவின் கார்பன் தேய்ந்து அது ஏற்கெனவே செத்திருக்க வேண்டும். பழைய பேட்டரி போனதே அதனால்தான். புதுப் பேட்டரி ஒவ்வொரு ராத்திரியும் தீர்ந்துகொண்டே வந்தது. முள் வலப்பக்கம் நின்றபடியே இருந்தது. லைட் போனாலும் இந்த வண்டி நிற்காது, பேட்டரி இல்லாமல் மேக்னெட்டோவிலேயே ஓடுகிற எஞ்சின்.

லைட் மங்கியிருக்கும். மாமன் குனிந்து முள்ளைப் பார்த்திருப்பார். முறுக்கியிருப்பார்.

மருதாசலத்துக்கு முதலில் வந்தது துக்கமில்லை. யாராவது பார்க்கிறார்களா என்றுதான் திரும்பிப் பார்த்தான். பேட்டரிப் பெட்டியின் மூடியில் கையை வைத்தான். ஒயர் இரண்டையும் பழையபடி மாற்றிவிட்டால் போதும். ஸ்பேனர் வேண்டும்.

"என்ன மாப்ள அங்க?" பந்தலுக்குள்ளிருந்து சுப்பையனின் குரல்.

"கை கழுவறனுங்க."

"கோடிச் சேல எடுத்தாந்தயா? உன்ற அக்காளுக்குப் போட்டுட்டாத் தூக்கிரலாம்."

சுவிட்சை அணைத்துவிட்டு நடந்தான். வண்டி எங்கேயும் போய்விடாது. கருமாதிக்கு வரும்போது ஸ்பேனரோடு வரலாம், அரை நிமிச வேலை. அப்புறம் எவன் வந்து எதைப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. பொன்னனைப் பற்றி நினைக்காமல் இல்லை. நாலு அடி விழும், நாலு நாள் படுத்துக் கிடப்பான் என்று நினைத்தான். பிறகு அந்த நினைப்பை நிறுத்திக்கொண்டான்.

பிறந்த வீட்டுக் கோடியைப் புருசனை இழந்தவள் தோளில் கூடப்பிறந்தவன்தான் போட வேண்டும். சௌந்திரம் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்து முகம் வீங்கியிருந்தது. வெள்ளைச் சேலையை விரித்தபோது ஒரு முனை நழுவித் தரையில் விழுந்தது.

"பாவம், தம்பிக்குக் கை நிக்குலியே," என்றாள் பக்கத்துத் தோட்டத்துச் செல்லாயி.

சௌந்திரம் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அப்புனு, அன்னிக்கு வந்ததும் வாசல்ல நிறுத்திச் செவுத்துல லைட்டடிச்சுக் காட்டுனாரு. பகலாட்டம் இருக்குது பாருடின்னாரு. என்ற மச்சினன் கை வெச்சாத் தப்பாதுன்னாரு."

"சும்மா இரு, அக்கா."

"அந்தப் பொன்னன உட்றாதீங்க. வெளக்குக் கட்டாம வந்து என்ற ஊட்டுக்காரரைக் கொன்னு போட்டான். பெரிய மாமங்கிட்டச் சொல்லு, அவன் கைகால ஒடிச்சு உடச் சொல்லு. நீயே நின்னு பாத்துட்டு வந்து எங்கிட்டச் சொல்லோணும். செரியா?"

அவள் பிடி தளரவில்லை. பெண்கள் எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"செரீக்கா," என்றான்.

பாடை தூக்கினார்கள். தப்பு மேளம் அதிர்ந்தது. சுடுகாட்டுக்குப் போகிற தடம் மோட்டார் ரூமை ஒட்டித்தான் போகிறது. பாடையின் மறுபக்கத்துக் கொம்பு மருதாசலத்தின் தோளில் இருந்தது. ஜன்னலுக்குள் பொன்னன் கம்பிக்கு உள்ளேயிருந்தே கை கூப்பி நின்றான். பிணத்தைக் கும்பிடுகிறானா, தூக்கிப் போகிறவர்களையா என்று தெரியவில்லை. மருதாசலம் தலையை வேறு பக்கம் திருப்ப வேண்டியிருக்கவில்லை, பாடை மறைத்துக்கொண்டது. அதற்காக அதன் கீழே இன்னும் கொஞ்சம் குனிந்தான்.

அண்ணனே கொள்ளி வைத்தார். வாய்க்காலில் தலை முழுகிவிட்டு வந்து எல்லோரும் பந்தலில் உட்கார்ந்தார்கள். சோறு போட்டார்கள். மருதாசலம் ரசத்தை ஊற்றிப் பிசைந்து பிசைந்து வைத்துக்கொண்டிருந்தான். பங்காளிகள் சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு, பொழுது இறங்கட்டும் என்று மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். எதற்குப் பொழுது இறங்க வேண்டும் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

இழவு வீட்டில் போய்வருகிறேன் என்று யாரும் சொல்லக் கூடாது. வந்தவர்கள் ஒவ்வொருவராகத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காணாமல் போனார்கள். கைலாசமும் அப்படித்தான் எழுந்திருக்க வேண்டும். மருதாசலம் கவனிக்கவில்லை. வேப்பமரத்தடியில் புல்லட்டின் ஸ்டேண்ட் விடுபடுகிற சத்தம் கேட்டுத்தான் திரும்பினான். இலையை மூடாமல் எழுந்து போனான்.

"வண்டி எதுக்குங்க தம்பி?"

கைலாசம் வெண்ணந்தூரில் தறி வைத்திருப்பவன், அதிகம் பேசமாட்டான். மாமனார் வீட்டு ஆட்களைக் கண்டால் கூச்சம் வேறு. சுப்பையன்தான் பதில் சொன்னார்.

"நாந்தான் எடுக்கச் சொன்னன். இனிமே நாமக்கல் போயி, ராசிபுரம் போயி, அங்கிருந்து இவிய ஊருக்கு எந்நேரம் பஸ்ஸு கெடைக்கும்? அந்தப் புள்ள அங்க ஒத்தையில இருக்கறா. இனி இது அவிய வண்டிதான?"

"பிரேக் மிதி வளஞ்சு கெடக்குதுங்க."

"நிமித்தியாச்சு. கல்ல வெச்சு ஒரு தட்டு, அவ்வளவுதான்."

"இருட்டுல அந்த ரோட்டுல லாரியா வருமுங்க."

"லாரியக் கண்டு பயப்படற நாமக்கல்காரன் ஒலகத்துலயே நீ ஒருத்தன்தான் மாப்ள."

பந்தலில் யாரோ சிரித்து, இழவு வீடு என்று ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார்கள்.

"இல்லீங்க மாமா, சாவு நடந்த வண்டி. உடனே எடுக்கக் கூடாதும்பாங்க."

"ஆரு சொன்னா? அப்பிடிப் பாத்தா இந்த ஊட்டுல படுக்கறதுக்கு ஒரு கட்டலு மிஞ்சாது. என்னாச்சு உனக்கு? போற புள்ளயப் புடிச்சு நிறுத்தற?"

"லைட்டு எரியாதுங்க."

கைலாசம் குனிந்து சுவிட்சைப் போட்டான். பல்பு சிவந்தது. அந்த மங்கல் வெளிச்சத்தில் அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"எரியுதுங்களே. மங்கலாத்தான் இருக்குது, முறுக்கி ஓட்டுனாச் செரியாயிரும். மாமா எங்கிட்டயும் சொல்லியிருக்கறாரு, நீங்க சொல்லிக் குடுத்தீங்களாமா. பாருங்க, முள்ளு வலப்பக்கந்தான நிக்குது."

அவன் கிக்கரில் காலை வைத்தான்.

இந்தப் பருவத்தில் ரோட்டில் ராத்திரி முழுக்கக் கரும்பு வண்டிகள் ஆலைக்குப் போய்க்கொண்டிருக்கும், ஒன்றன் பின் ஒன்றாக, வால் நீட்டிக்கொண்டு. ராசிபுரம் தாண்டும் வரைக்கும் இருக்கும். மருதாசலத்துக்கு அது தெரியும். வாயை மூடிக்கொண்டு நின்றால் இன்னும் கொஞ்ச நேரத்தில் வண்டிச் சத்தம் தோட்டத்தைத் தாண்டிப் போய்விடும் என்பதும் தெரியும். எல்லாம் போய்விடும், பேட்டரி, ஒயர், முள். கிக்கரை அமுக்கக் கைலாசம் உடம்பை மேலே தூக்கினான்.

"எஞ்சினே ஓடாம எப்பிடீங்க சார்ஜ் ஏறும்?"

கைலாசத்தின் கால் அப்படியே நின்றது.

"என்ன சொன்ன?" என்றார் சுப்பையன்.

"அது ஏறுலீங்க. தீருது. தீர்றதத்தான் ஏறுதுன்னு காட்டுது. ஒயர நான் மாத்தி மாட்டிட்டனுங்க. டைனமோவும் ஓடுலீங்க, நான் கழட்டிப் பாக்குல. கொஞ்ச தூரம் போனா லைட்டு நின்னு போகும்."

கைலாசம் சுவிட்சை அணைத்தான். முள் நடுவுக்கு வந்தது. மெதுவாக மறுபடி போட்டான். பார்த்தான். பிறகு வண்டியிலிருந்து இறங்கி, அது சூடாக இருக்கிற மாதிரி கையை எடுத்துக்கொண்டான்.

"அப்ப நேத்து?" என்றார் சுப்பையன்.

மருதாசலம் எட்டிச் சுவிட்சை அணைத்தான்.

"சென்னியனுக்கு வழியில லைட்டு இல்ல."

"இருந்திருக்காதுங்க."

"மங்குனா முறுக்கச் சொன்னது?"

"நாந்தானுங்க."

பந்தலில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஆசாரத்துக்குள் பெண்களின் பேச்சு நின்றுபோயிற்று. அந்த அமைதிக்குள் யாரோ உள்ளே ஒரு சொம்பைக் கீழே வைத்தார்கள்.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"காத்தால. குளிப்பாட்டிட்டுக் கை கழுவ வந்தப்ப."

சுப்பையன் தலையாட்டினார். யாரோ நிலத்தின் எல்லையைச் சொல்லக் கேட்டுக்கொள்வதுபோல இருந்தது. கைலாசத்திடம் திரும்பி, "நீங்க பஸ்ஸுக்கே போங்க மாப்ள. எந்நேரமானாலுஞ் செரி," என்றார். கைலாசம் செருப்பை மாட்டிக்கொண்டு தடத்தில் நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

"வா," என்றார் சுப்பையன்.

அவர் முன்னால் போனார். மருதாசலம் பின்னால். அவனுக்குப் பின்னால் பங்காளிகள். வெற்றிலைக் கொடிக்காலின் ஓரமாக வரப்பில் ஒற்றை வரிசையில் போனார்கள். அகத்தி மரங்களுக்குள் இருட்டு நுழைந்துவிட்டது. ஓடிவிடலாம் என்று ஒரு தடவை தோன்றியது. கால் வாய்க்கால் சேற்றில் வழுக்கியபோது பின்னால் வந்தவன் அவன் முழங்கையைப் பிடித்து நிறுத்தினான். அப்புறம் கையை எடுக்கவில்லை.

சுப்பையன் மடியிலிருந்து சாவியை எடுத்து மோட்டார் ரூமைத் திறந்தார். மூத்திர நாற்றமும் கிரீஸ் நாற்றமும் சேர்ந்து வெளியே வந்தன. பொன்னன் மோட்டாருக்குப் பின்னால் ஒடுங்கியிருந்தான்.

"வெளிய வா."

அவன் தவழ்ந்து வந்து எழுந்தான். சுவரில் சாய்ந்திருந்த தார்க்குச்சிகளைத்தான் முதலில் பார்த்தான். "சாமி, என்ற வெளக்கு எரிஞ்சுதுங்க. மாரியாத்தா மேல சத்தியமா எரிஞ்சுதுங்க."

"எரிஞ்சுது," என்றார் சுப்பையன். "போ."

பொன்னனுக்குப் புரியவில்லை. முதுகைக் காட்டினால் அடிப்பார்கள் என்று நினைத்திருப்பான். அவர்களைப் பார்த்தபடியே, கை கூப்பியபடியே, வரப்பில் பின்பக்கமாக நடந்தான். முகம் தெரியாமல் போகிற தூரம் வந்ததும் சேற்றில் கால்கள் தொப் தொப்பென்று ஓடுகிற சத்தம் கேட்டது.

சுப்பையன் கதவைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் நின்ற பங்காளி மருதாசலத்தின் முழங்கையை விட்டுவிட்டான். யாரும் தள்ளவில்லை.

"மாமா, அக்காளுக்கு..."

"குனிஞ்சு போ. கதவு நெல தலையில இடிக்கும்."

அவன் குனிந்து உள்ளே போனான். கதவு சாத்தப்பட்டது. சங்கிலி ஏறியது, பூட்டுக்குள் சாவி திரும்பியது. சுப்பையன் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.